பங்குனிச் சருகு... எரிப்பதா, அள்ளுவதா, உரமாக்குவதா? தாம்பரம் தெருக்களின் காலைக் கதை!

நம்ம ஏரியா

காலை ஆறரை மணி. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் குறுக்குத் தெருக்களில் ஒன்று. ராத்திரி முழுக்க உதிர்ந்த பாதாம் இலைகள் தெருவை மூடிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரியது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு என்று கலந்துகட்டி இருக்கிறது. பால் பாக்கெட் போட வரும் டூவீலர் அதன்மேல் ஏறி இறங்கினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

தூய்மைப் பணியாளர் அக்கா, நீளக் கம்பில் கட்டிய தென்னந்துடைப்பத்தோடு வருகிறார். தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்துப் பெருக்கிக்கொண்டே மறுமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பெருக்கிய இடத்தில் மறுபடியும் இலை. அலுத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அடுத்த தெரு காத்திருக்கிறது. சருகை நாலைந்து குவியலாக ஓரத்தில் கூட்டிவைத்துவிட்டு நகர்கிறார்.

பத்து மணிக்கு மேல் அடுத்த காட்சி. அந்தக் குவியலில் ஒன்றில் யாரோ தீக்குச்சியைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் பதில் வராது. புகை மட்டும் வரும். மாடியில் காயப்போட்ட துணியை ஒருவர் அவசரமாக எடுப்பார். எதிர்வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். உள்ளே ஒரு பாட்டி இருமிக்கொண்டிருப்பார்.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பம்மல் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்க இந்தக் காட்சி மாறாது. ஓரத்தில் கூட்டிவைத்த ஒரு சருகுக் குவியல் அங்கிருந்து எங்கே போகிறது, எங்கே போக வேண்டும்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

நம்ம ஊர் இலையுதிர் காலம் எப்போது?

பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்றால் செப்டம்பர், அக்டோபர் படம் போட்டிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னைப் பக்கம் மரங்கள் இலை உதிர்ப்பது குளிருக்குப் பயந்து அல்ல, தண்ணீரைச் சேமிக்க.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும். தை, மாசியில் மண் காயத் தொடங்கும். இலை இருக்கும்வரை அதன் நுண்துளைகள் வழியாக மரம் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் பல மரங்கள் பழைய இலைகளில் இருக்கும் சத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, மிச்சத்தை உதிர்த்துவிடுகின்றன. மஞ்சளாகி விழும் இலை, மரம் கணக்கு முடித்து அனுப்பிய இலை.

வேம்பும் புங்கையும் அரசமரமும் மாசி, பங்குனியில்தான் இலை கொட்டும். கொட்டிய சில வாரங்களிலேயே தளிர் விட்டுவிடும். அரசமரத்துத் தளிர் செம்பு நிறத்தில் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூங்குமூஞ்சி மரம் பொடிப்பொடியாகக் கொட்டும், துடைப்பத்துக்கே சிக்காது. 'பாதாம் மரம்' என்று நாம் சொல்லும் நாட்டுவாதுமை வருஷத்துக்கு ஒருமுறையோடு நிற்காது, பெரும்பாலும் இரண்டு முறை கொட்டும்.

ஆக, இங்கே சருகுக் காலம் என்பது ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. வருஷா வருஷம் இதே மாதங்களில், இதே மரங்களுக்குக் கீழே வருகிறது. புயலைப் போலத் திடீரென்று வந்து நிற்பதில்லை. முன்கூட்டியே தயாராக முடிகிற விஷயம் இது.

ஒரு குவியலுக்கு நான்கு வழி

ஓரமாகக் கூட்டிவைத்த சருகுக்கு நான்கு வழிகள்தாம் உண்டு. தீ, வடிகால், லாரி, உரக்குழி. இதில் எந்த வழி என்பது பெரும்பாலும் அந்தக் காலைப்பொழுதிலேயே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: தீ

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பெயரைக் கேட்கிறோம். பெயர்க் காரணம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவம் செய்து அனுபவம் பெற்றவர் அவர். அப்போது காசநோய்க்கு மாத்திரை கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதாம் அன்றைய வைத்தியம். சென்னை நகர நெரிசலிலிருந்து தள்ளி, திறந்த வெளியும் மரங்களும் இருந்த இந்த இடம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. அதுதான் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது. நுரையீரல் நோயாளிகள் இன்றைக்கும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து அங்கே வருகிறார்கள்.

நல்ல காற்றால் பெயர் வாங்கிய ஊரில்தான் ஒவ்வொரு பங்குனியிலும் தெருவுக்குத் தெரு சருகு புகைகிறது.

சருகுக் குவியல் கொழுந்துவிட்டு எரிவதைவிட உள்ளுக்குள் கனன்று புகைவதுதான் அதிகம். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அப்படி அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் கூடுதலாக வெளிவருகின்றன. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு அதை வடிகட்டாது. நேராக நுரையீரலின் கடைசி அறைவரை போகும். 24 மணி நேர சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு அதிலும் நான்கில் ஒரு பங்கு, 15 மைக்ரோகிராம்.

குவியலில் இலை மட்டும் இருப்பதும் அபூர்வம். சிப்ஸ் பாக்கெட், பால் கவர், கேரி பேக், தெர்மாகோல் துண்டு எல்லாம் சேர்ந்தே எரிகின்றன. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கும், வயதானவர்களுக்கும், அந்தத் தீயைக் கிளறிவிட்டு அருகிலேயே நிற்பவருக்கும் அன்றைய நாள் கெட்டது. மரத்தடியில் வைக்கும் தீ மரத்தையும் விடாது. பட்டையின் உள்பக்கத்து உயிர்த்திசு வெந்துபோனால், மரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகும்.

புகை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையமே ஒருமுறை காட்டிக்கொடுத்தது. 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகை. பழைய பொருட்களை எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தை மூடியதில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. போகி ஒருநாளோடு முடிந்துவிடும். சருகுப் புகை மூன்று மாதம் நீடிக்கும்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று பொதுமக்களுக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. தெரு பெருக்குவோர் மர இலைகளை எரிக்காமல், தனியாகச் சேர்த்துவைத்து ஒப்படைக்கும்படி உள்ளாட்சி அமைப்பு அறிவுறுத்த வேண்டும் என்று சருகைக் குறிப்பிட்டே சொல்லியது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டது.

இரண்டாவது வழி: வடிகால்

இது சத்தமில்லாத வழி. வாசலைப் பெருக்கிச் சருகை மழைநீர் வடிகாலின் ஓட்டைப் பக்கம் தள்ளிவிட்டால் தெரு பளிச்சென்று ஆகிவிடும். புகை இல்லை, சண்டை இல்லை. பங்குனியில் தள்ளிய சருகு ஐப்பசியில்தான் பதில் சொல்லும்.

இடையில் ஆறேழு மாதம் இருக்கிறது. கோடையில் பறக்கும் மண்ணும், வீடு கட்டும் இடங்களிலிருந்து வரும் மணலும், பிளாஸ்டிக் கவரும் அந்தச் சருகோடு சேர்ந்து படிகின்றன. பாதாம் இலை தடிமனானது. சீக்கிரம் மக்காது. ஓட்டைக் கம்பியில் இரண்டு இலை ஒட்டி, அதன்மேல் ஒரு கவர் விழுந்தால் போதும், மூடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அந்த மாதிரி மழைக்குச் சருகு அடைப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. எந்த வடிகாலும் அதைத் தாங்காது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் வரும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருக்கள் இருக்கின்றனவே, அங்கே வடிகாலின் வாய் திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆகஸ்ட், செப்டம்பரில் தூர்வாரும்போது மேலே வரும் கறுப்புச் சேற்றை உற்றுப்பார்த்தால், பங்குனி இலையின் நரம்பு அதில் தெரியும்.

மூன்றாவது வழி: லாரி

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. இப்போது ஐந்து மண்டலங்கள், 70 வார்டுகள். பத்து ஊருக்குப் பத்து விதமாக நடந்துவந்த குப்பை வேலை ஒரே குடையின்கீழ் வந்தது.

வாசலுக்கு வரும் வண்டி அடிப்படையில் வீட்டுக் குப்பைக்கானது. மக்கும் குப்பை ஒரு பக்கம், மக்காத குப்பை ஒரு பக்கம். அதில் இரண்டு மூட்டைச் சருகை ஏற்றினால், எடை அதிகமிருக்காது, இடம் முழுக்க அடைபட்டுவிடும். பாதித் தெருவிலேயே வண்டி நிறைந்துவிட்டால் மீதி வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குவது வண்டியோடு வரும் பணியாளர்தான். "அது வீட்டுக் குப்பை இல்ல சார், மரத்துக் குப்பை" என்று அவரும், "மரம் கார்ப்பரேஷனோடதும்மா, நீங்கதான் அள்ளணும்" என்று இவரும் பேசிக்கொள்வது பல தெருக்களில் கேட்கும் உரையாடல். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சருகு மட்டும் இடத்தைவிட்டு நகராது.

அப்படியே லாரி ஏறினாலும் எங்கே போகிறது? கலந்த குப்பையாகப் போனால் கிடங்குக்கு. மேற்குத் தாம்பரம் கன்னடபாளையத்துக்காரர்களைக் கேட்டால் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் வாழ்வது என்றால் என்ன என்று சொல்வார்கள். சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையிலேயே குப்பை கொட்டப்பட்ட காலம் உண்டு. அதை அகற்ற வைக்க அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். கிடங்கில் மற்ற குப்பையோடு அமுங்கிக் காற்று படாமல் அழுகும் இலை, மீத்தேன் வாயுவைத்தான் விடும். தனியாகப் போயிருந்தால் உரமாகியிருக்கும்.

இதோடு 'யார் சாலை?' என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலை. வேளச்சேரி ரோடும் முடிச்சூர் ரோடும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருப்பவை. உள்தெருக்கள் மாநகராட்சியுடையவை. காலி மனைகளுக்கு ஓனர் எங்கேயோ இருப்பார். இலைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. ஒரு காற்றில் நெடுஞ்சாலையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து காலி மனைக்கும் போய்விடும். காலி மனையில் சேர்ந்த சருகில்தான் தீயும் அதிகம், பாம்பும் அதிகம்.

நான்காவது வழி: உரக்குழி

இந்த வழி நமக்குப் புதியது என்று நினைக்க வேண்டாம். இன்றைய தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

பம்மல் ஸ்ரீசங்கரா நகர். 1994-ல் அங்கே சில இல்லத்தரசிகள் ஒன்றுகூடி மகளிர் மன்றம் ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் மங்களம் பாலசுப்ரமணியன். தெருவில் சேரும் குப்பையை யார் அள்ளுவது என்பதுதான் அவர்களின் முதல் பிரச்னை. தாங்களே ஆட்களை வைத்து வீடு வீடாகக் குப்பை வாங்கினார்கள். மக்குவதைத் தனியாகப் பிரித்தார்கள். மண்புழு உரம் தயாரித்தார்கள். 1989-ல் எம்.பி.நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தோடு கைகோத்து, அந்த வேலை பிறகு 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்று வளர்ந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், வாட்ஸ்அப் குரூப் இல்லாத காலத்தில், சமையலறையிலிருந்து கிளம்பிய பெண்கள் செய்த வேலை அது. குப்பையைப் பிரிக்காமல் உரம் இல்லை. பிரிப்பது குப்பை பிறக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் காட்டியது. சருகுக்கும் அதே பாடம்தான். கிடங்கில் போய்ப் பிரிக்க முடியாது. தெருமுனையில், துடைப்பம் படும்போதே தனியாக இருக்க வேண்டும்.

இன்னொரு உதாரணம் கிழக்குத் தாம்பரத்திலேயே இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் வளாகத்தில் பெரும்பகுதி இன்னும் புதர்க்காடு. அந்தக் காட்டுக்குள் யார் பெருக்குகிறார்கள்? யாரும் இல்லை. விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடக்கிறது. கரையான், மண்புழு, பூஞ்சை அதைத் தின்று மண்ணாக்குகின்றன. அடுத்த வருஷம் மரம் அதையே எடுத்துக்கொள்கிறது. தெருவில் நாம் சிமென்ட் போட்டு மண்ணை மூடிவிட்டதால்தான் இலை விழ இடமில்லாமல் 'குப்பை' என்று பெயர் வாங்கியிருக்கிறது.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

நம் மக்கள் நிறைய பேர் இருக்கும் கனடாவின் டொரன்டோவை எடுத்துக்கொள்வோம். ஸ்கார்பரோவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோட்டக் கழிவுக்கென்று தனி நாள் உண்டு. மார்ச் நடுவிலிருந்து டிசம்பர் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டி வரும். இலையைப் பெரிய காகிதப் பையில் போட்டு வாசலில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் எடுக்க மாட்டார்கள். காகிதப் பையும் இலையோடு சேர்ந்தே மக்கிவிடும்.

இந்தியாவிலேயே புனே நகரத்தில் 'பிரவுன் லீஃப்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதிதி தேவதர் தொடங்கியது. சருகு அதிகமாக இருப்பவரையும், மாடித்தோட்டத்துக்குச் சருகு தேடுபவரையும் சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. ஒருவர் எரிக்க நினைப்பதை இன்னொருவர் ஸ்கூட்டரில் வந்து மூட்டையாக எடுத்துப்போகிறார்.

டொரன்டோ மாதிரி வண்டியும் பையும் இங்கே உடனே வந்துவிடாது. ஆனால் நாள் குறிப்பது முடியும். சருகுக் காலமான மூன்று மாதத்துக்கு மட்டும், வாரத்தில் ஒருநாள் இந்த வார்டில் சருகு மட்டும் எடுக்கப்படும் என்று அறிவித்தால், வாசலில் மூட்டை கட்டிவைக்க மக்கள் தயாராகவே இருப்பார்கள். இலையைத் தூளாக்கும் இயந்திரம் மண்டலத்துக்கு ஒன்று இருந்தால், மூட்டை மூட்டையாக இருக்கும் சருகு பல மடங்கு சுருங்கிவிடும். பூங்காவில் விழும் இலை பூங்காவை விட்டே வெளியே போகத் தேவையில்லை. அங்கேயே ஒரு மூலையில் உரக்குழி போதும். பூங்கா, தோட்டக் கழிவை முடிந்தவரை அங்கேயே பதப்படுத்த வேண்டும் என்பதும் 2016 விதிகளில் இருந்ததுதான்.

துடைப்பம் பிடிப்பவரின் கணக்கு

சருகு எரிந்தால் பலரும் முதலில் கைகாட்டுவது தூய்மைப் பணியாளரைத்தான். எல்லா நேரமும் அது நியாயம் ஆகாது. பல இடங்களில் தீ வைப்பது வீட்டுக்காரர், கடைக்காரர் அல்லது அபார்ட்மென்ட் வாட்ச்மேன்.

பணியாளரே வைத்தாலும், அவருடைய நிலையில் நின்று ஒருமுறை யோசிக்கலாம். சாதாரண நாளில் பெருக்கும் அதே தெருக்கள், அதே நேரம், அதே துடைப்பம். சருகுக் காலத்தில் மட்டும் குப்பை மலைபோலக் கூடிவிடுகிறது. அள்ள வண்டி வரவில்லை. ஆனால் ஒன்பது மணிக்குத் தெரு சுத்தமாக இருக்க வேண்டும். கையில் ஒரு தீப்பெட்டி. அவர் என்ன செய்வார்? புகையை முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். எரிக்கக் கூடாது என்ற உத்தரவோடு, எங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்ற இடத்தையும் காட்டினால்தான் அந்த உத்தரவு நடக்கும்.

இன்னொரு ஆபத்தான பேச்சும் இந்த மாதங்களில் காதில் விழுகிறது. "இந்த மரத்தை வெட்டிட்டா தொல்லை விட்டுது." 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னையும் புறநகரும் எத்தனை மரங்களை இழந்தன என்பது நினைவிருக்கிறதா? வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போதுதான் நிழல் தரும் உயரத்துக்கு வந்திருக்கின்றன. இரண்டு மாதச் சருகுக்காகப் பத்து மாத நிழலை விடலாமா? பொது இடத்து மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது.

உங்கள் தெருவில் இந்த வாரமே செய்யலாம்!

* சருகுக்கென்று தனியாக ஒரு பழைய அரிசிச் சாக்கு வையுங்கள். அதில் பிளாஸ்டிக், கண்ணாடி, சானிட்டரி நாப்கின் எதுவும் விழக் கூடாது. சுத்தமான சருகை யாரும் வாங்கிக்கொள்வார்கள். கலந்த சருகை யாரும் தொட மாட்டார்கள்.

* மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலையை வட்டமாகக் கட்டினால் உரத்தொட்டி தயார். ஓர் அடுக்குச் சருகு, மேலே தண்ணீர் தெளிப்பு, கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

* சமையலறைக் காய்கறிக் கழிவும் சேர்ந்தால் வேகமாக மக்கும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு. சருகில் கரிச்சத்து அதிகம், காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம். இரண்டும் சேர்ந்தால் நாற்றமும் வராது. இரண்டு, மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். வெறும் சருகு மட்டும் என்றால் ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

* பாதாம் இலையைக் காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்று புகாது. முழு இலை மழையில் குழிந்து கிடந்தால் தண்ணீர் தேங்கிக் கொசுவும் வரும்.

* உரம் போட இடமில்லையா? மூடாக்காகப் போடுங்கள். தொட்டிச் செடியைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குச் சருகைப் பரப்பினால் கோடையில் மண் சீக்கிரம் காயாது. செடியின் தண்டை ஒட்டிப் போட வேண்டாம்.

* சுவரை ஒட்டிச் சருகு மூட்டையை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கரையானும் தேளும் குடிவந்துவிடும்.

* வாசல் பெருக்கும்போது சருகை வடிகாலுக்கு எதிர்ப்பக்கமாகக் கூட்டுங்கள். வீட்டுக்கு முன்னால் இருக்கும் வடிகால் ஓட்டையை மட்டும் ஒவ்வொரு வீட்டாரும் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

யாரிடம் கேட்பது?

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். வார்டுக்குள் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, மக்களைக் கூப்பிட்டுக் குறை கேட்கும் ஏற்பாடு அது. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒரு சபை. தெருவிளக்கு, குடிநீர், சாலைப் பள்ளம் என்று அங்கே மனு கொடுப்பவர்கள் உண்டு. சருகைப் பற்றி மனு எழுத நமக்குத் தோன்றுவதில்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை மட்டும் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருச் சருகை எந்த நாளில் எடுப்பீர்கள்? எடுத்தது எந்த உரக்கூடத்துக்குப் போகிறது? அந்த உரத்தில் கொஞ்சம் எங்கள் பூங்காவுக்குத் திரும்பி வருமா? பதில் உடனே வராமல் போகலாம். ஆனால் அந்தக் கேள்விகள் கூட்டக் குறிப்பில் ஏறும். அடுத்த மாசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இன்னும் சில நாளில் சித்திரை பிறக்கும். மாசியில் மொட்டையாக நின்ற அதே வேப்பமரம் தளிர்விட்டு, பூத்து, தெருவெல்லாம் பூவாகக் கொட்டும். பச்சடிக்கு வேண்டும் என்று மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து அந்தப் பூவைச் சேகரிக்கும் வீடுகள் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் உண்டு. பூவுக்குத் துணி விரிக்கும் அதே வாசலில், இலைக்கு ஒரு சாக்கு வைத்தால் போதும்.